ஃப்ரிட்ஜா, திரவ நைட்ரஜனா, வளர்ப்புத் தட்டா? இரத்த ஸ்டெம் செல்லின் ஒட்டும் திறனை முன்வைத்து ஓர் ஒப்பீடு

சென்னையின் தென்பகுதியில் உள்ள ஒரு மருத்துவமனையில் புதிதாக மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைப் பிரிவு தொடங்குகிறார்கள். அங்கே செல்களைக் கையாளும் ஆய்வகத்துக்குப் பொறுப்பேற்றிருக்கும் இளம் மருத்துவர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், மைலோமா பேஷண்ட்டுக்கு செல்லை எடுத்து ஃப்ரிட்ஜிலயே ரெண்டு நாள் வச்சுக் கொடுத்துடலாமா, இல்ல ஃப்ரீஸ் பண்ணித்தான் ஆகணுமா? நைட்ரஜன் டேங்க் வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்றார். மைலோமா மஜ்ஜையில் தோன்றும் ஒரு புற்றுநோய். அதற்குக் கடுமையான மருந்து கொடுக்கும் முன், இரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்களான ஸ்டெம் செல்களை நோயாளியிடமிருந்து எடுத்துவைத்துப் பிறகு திருப்பி ஏற்றுவோம். இரண்டு முறைகளையும் எதை அளந்து ஒப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "உயிரோட இருக்கற செல் எவ்வளவுன்னு பாத்தோம் மேடம், ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்று பதில் வந்தது.

பெரும்பாலான ஒப்பீடுகள் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. செல் உயிரோடு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்தச் செல் மஜ்ஜைக்குள் போய்ப் பற்றிக்கொள்ளுமா என்பது வேறு கேள்வி. செத்த செல்லில் மட்டும் ஏறும் சாயம் ஏறாமல் நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும் ஒரு செல், இரத்த நாளச் சுவரைப் பிடிக்க முடியாமல் நுரையீரலிலோ கல்லீரலிலோ சிக்கி அழிந்தால் நோயாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே குளிரில் வைப்பது, உறையவைப்பது, வளர்ப்பது ஆகிய மூன்று வழிகளையும் ஒட்டும் திறன் என்ற ஒன்றை முதன்மையாக வைத்து எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன். பல ஆண்டுகளாக இந்தச் செல்களோடு வேலை செய்தவள் என்ற முறையில், எந்தச் சூழலுக்கு எதைத் தேர்ந்தெடுப்பேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒட்டுதல் என்பது ஒரே செயல் அல்ல. கையில் ஏற்றப்பட்ட செல் இரத்தத்தோடு ஓடி மஜ்ஜையின் நுண்நாளங்களை அடைகிறது. அந்த நாளச் சுவரில் இ-செலக்டின், பி-செலக்டின் என்ற புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன; செல்லின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைத் தொடர்கள் அவற்றில் மாட்டி மாட்டி விடுபட, செல்லின் வேகம் குறைந்து அது சுவரோடு உருளத் தொடங்குகிறது. ஓடும் பேருந்தின் படிக்கட்டுக் கம்பியைத் தொட்டுக்கொண்டே நாலடி ஓடி, பிறகு இறுகப் பிடித்து ஏறுபவரைப் போன்றது இது. இறுகப் பிடிக்கச் சொல்லும் குறிப்பு மஜ்ஜைக்குள்ளிருந்து வருகிறது: அங்குள்ள செல்கள் சுரக்கும் எஸ்டிஎஃப்-1 என்ற புரதத்தை ஸ்டெம் செல்லின் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி உணர்ந்ததும், அதுவரை மடங்கிக் கிடந்த இன்டெகிரின்கள் என்ற பிடிப்புப் புரதங்கள் நிமிர்கின்றன. விஎல்ஏ-4 என்ற இன்டெகிரின் நாளச் சுவரின் விகேம்-1 புரதத்தைப் பிடிக்கிறது. சுவரைக் கடந்து உள்ளே சென்ற பிறகு, விஎல்ஏ-4, விஎல்ஏ-5 இரண்டும் அங்கே செல்களைச் சூழ்ந்துள்ள ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன.

சிஎக்ஸ்சிஆர்4, விஎல்ஏ-4 என்ற இந்த இரண்டு கண்ணிகளும் மனித உடலில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மருந்துகளே சாட்சி. சிஎக்ஸ்சிஆர்4-ஐ மறிக்கும் பிளெரிக்ஸாஃபோர் மருந்தைச் செலுத்தினால் சில மணி நேரத்தில் ஸ்டெம் செல்கள் மஜ்ஜையை விட்டு இரத்தத்துக்கு வந்துவிடுகின்றன; அந்த விளைவையே செல் சேகரிப்புக்குப் பயன்படுத்துகிறோம். நரம்பு மண்டல நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குக் கொடுக்கப்படும் நடாலிசுமாப், விஎல்ஏ-4 இன்டெகிரினின் ஆல்ஃபா-4 பகுதியை மறிக்கும் எதிர்ப்பொருள். அதைப் பெறும் நோயாளிகளின் இரத்தத்தில் சிடி34 செல்களின் (சிடி34 என்ற மேற்பரப்புப் புரதத்தை வைத்து இனங்காணும் ஸ்டெம் செல்களின்) எண்ணிக்கை கூடுகிறது. பிடி தளர்ந்தால் செல் வெளியே வந்துவிடுகிறது. அப்படியானால் நாம் உறையவைத்தும் உருக்கியும் வளர்த்தும் அந்தப் பிடியை எவ்வளவு தளர்த்துகிறோம் என்று கேட்பது அவசியம்.

ஒப்பீட்டைத் தொடங்கும் முன் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். ஸ்டெம் செல்களை இரத்தத்துக்கு வரவைக்கும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டு இரத்தத்திலிருந்து சேகரித்த செல்லும் மஜ்ஜையிலிருந்து நேரடியாக எடுத்த செல்லும் ஒட்டும் திறனில் சமம் அல்ல. இரத்தத்துக்கு இறங்கி வந்த சிடி34 செல்களில் விஎல்ஏ-4 குறைவாகவே காணப்படுகிறது. குறைந்ததால்தான் இறங்கி வந்தன என்றும் சொல்லலாம். அதனால் ஒருவர் மஜ்ஜைச் செல்லைப் புதிதாகவும், இன்னொருவர் இரத்தச் செல்லை உறையவைத்தும் ஆராய்ந்துவிட்டு, இருவரின் முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உறைதலின் மேல் ஏறும் பழியில் ஒரு பகுதி உண்மையில் செல்லின் மூலத்துக்கு உரியது.

முதலில் ஃப்ரிட்ஜ். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் பையை அப்படியே வைத்து 48 அல்லது 72 மணி நேரத்துக்குள் ஏற்றிவிடுவது இந்தியாவிலும் மெக்சிகோவிலும் பல மையங்களில் பழகிப்போன முறை. மைலோமா நோயாளிக்கு இது பொருந்துவதற்குக் காரணம் மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தின் இயல்பே. அது உடலிலிருந்து விரைவாக வெளியேறிவிடுவதால், மருந்து கொடுத்த மறுநாளே செல்லை ஏற்ற முடிகிறது. மொத்தக் காத்திருப்பும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடுகிறது. ஒட்டும் திறனைப் பொறுத்தவரை குளிர் செய்வது தற்காலிக முடக்கம். நாலு டிகிரியில் இன்டெகிரின்கள் செயல்படுவதில்லை, செல் உருண்டையாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஆனால் சவ்வு கிழியவில்லை, மேற்பரப்புப் புரதங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன, 37 டிகிரிக்கு வந்ததும் பிடி திரும்புகிறது.

குளிரில் உண்மையான கேடு நெரிசலால் வருகிறது. ஒரு மில்லிலிட்டருக்கு 20 கோடி செல்களுக்கு மேல் அடர்த்தியாக வைத்தால் அமிலம் சேர்ந்து செல்கள் மடியத் தொடங்குகின்றன. நோயாளியின் பிளாஸ்மாவைச் சேர்த்து நீர்க்கச் செய்துவைப்பது ஓர் எளிய பாதுகாப்பு. இன்னொன்று, பிற நாட்டு நெறிமுறைகளில் 'அறை வெப்பநிலை' என்று எழுதியிருந்தால் அது 20 முதல் 24 டிகிரியைக் குறிக்கும். ஏசி நின்றுபோன ஒரு மே மாத மதியத்தில் நம் ஊர் அறையின் வெப்பநிலை அது அல்ல. சேகரிப்பு அறையிலிருந்து ஆய்வகத்துக்குப் பையைக் கொண்டுபோகும் பத்து நிமிடமானாலும் ஐஸ் பேக் வைத்த பெட்டியில்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

குளிரில் வைத்த செல்லைச் சோதிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. இரத்தம் கட்டியாகாமல் இருக்கப் பையில் சேர்த்திருக்கும் சிட்ரேட் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கட்டிப்போட்டுவிடும். செலக்டினுக்குக் கால்சியம் வேண்டும், இன்டெகிரினுக்கு மக்னீசியம் போன்ற அயனிகள் வேண்டும். பையிலிருந்து எடுத்த செல்லைக் கழுவாமல் ஃபைப்ரோனெக்டின் பூசிய சோதனைத் தட்டின் குழியில் போட்டால் ஒன்றும் ஒட்டாது. அதைப் பார்த்து ஃப்ரிட்ஜ் கெடுத்துவிட்டது என்று முடிவுகட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். நோயாளியின் உடலில் சிட்ரேட் உடனே நீர்த்துப்போவதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

இனி உறையவைத்தல். 1949-இல் கிளிசரால் செல்களை உறைதலிலிருந்து காக்கும் என்று தெரியவந்தது. 1959-இல் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இன்றும் பெரும்பாலான ஆய்வகங்கள் 10 சதவீத டிஎம்எஸ்ஓ சேர்த்து, நிமிடத்துக்கு 1 முதல் 2 டிகிரி வீதம் குளிர்வித்து, திரவ நைட்ரஜனில் வைக்கின்றன. அதன் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி. மிக விரைவாகக் குளிர்வித்தால் செல்லுக்குள்ளேயே பனிப்படிகம் உருவாகும். மிக மெதுவாகக் குளிர்வித்தால் வெளியே உறையும் நீர் உப்பைச் செறிவாக்கி, செல்லிலிருந்து நீரை உறிஞ்சி அதை வற்றவைத்துவிடும். இரண்டுக்கும் நடுவிலான குறுகிய பாதையில்தான் செல் பிழைக்கிறது.

பிழைத்த செல்லின் பிடி என்ன ஆகிறது? உறைந்து உருகிய செல்களில் குறைவதாக மீண்டும் மீண்டும் காணப்படும் மேற்பரப்புப் புரதம் எல்-செலக்டின். சவ்வு அதிர்ச்சியுறும்போது ஒரு நொதி அதன் வெளிப்பகுதியை வெட்டி உதிர்த்துவிடுவது இதன் இயல்பு. விஎல்ஏ-4, சிடி44 போன்றவை அதே அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் ஏற்பி மேற்பரப்பில் இருப்பது மட்டும் போதாது. இன்டெகிரினின் பிடிக்கு உள்ளிருந்து பலம் கொடுப்பது ஆக்டின் இழைகளின் சட்டகம். உறைதல் அதைக் குலைத்துவிடுகிறது. மீண்டும் கட்டியெழுப்ப செல்லுக்கு நேரமும் ஆற்றலும் வேண்டும். ஆகவே மேற்பரப்புப் புரதங்களை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் விஎல்ஏ-4 முழு அளவில் தெரியும் அதே செல், உருக்கிய முதல் மணி நேரத்தில் ஃபைப்ரோனெக்டினை மெலிதாகவே பிடிக்கக்கூடும். இதோடு தாமத மரணம் என்ற ஒன்றும் சேர்கிறது: உருக்கியவுடன் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் வரும் செல்களில் ஒரு பகுதி, உறைதலின்போது தூண்டப்பட்ட தற்கொலைப் பாதையில் போய் அடுத்த 24 மணி நேரத்துக்குள் இறந்துவிடுகிறது.

என் தொடக்க காலத்தில் இதில் நானே ஏமாந்திருக்கிறேன். அப்போது வேலை பார்த்த ஆய்வகத்தில், உருக்கிய செல்கள் புதிய செல்களைவிட நன்றாக ஒட்டுவதாக முடிவு வந்தது. மூன்று முறை செய்தும் அதே முடிவு. மகிழ்ச்சியோடு வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது ஒட்டல் இல்லம்மா, பிசின்" என்றார். உருகும்போது உடைந்த கிரானுலோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் வெளியேற்றிய டிஎன்ஏ, கொழகொழவென்று நூலாகப் படிந்து, உயிருள்ளதும் செத்ததுமான செல்களை ஒரு கொத்தாகக் குழியின் அடியில் பிடித்துவைத்திருந்தது. டிஎன்ஏஸ் நொதி சேர்த்து மறுபடி செய்தபோது அந்த 'மேம்பாடு' முழுவதும் காணாமல் போயிற்று. அன்றிலிருந்து ஆல்புமின் மட்டும் பூசிய ஒரு குழியும், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கட்டிப்போடும் ஈடிடிஏ சேர்த்த ஒரு குழியும், ஆல்ஃபா-4 எதிர்ப்பொருள் சேர்த்த ஒரு குழியும் இல்லாமல் எந்த ஒட்டுதல் எண்ணையும் நான் நம்புவதில்லை.

உருக்கும் முறையிலும் நிறைய இழக்கலாம், காப்பாற்றலாம். 37 டிகிரி வாட்டர் பாத்தில் பையை மெதுவாக அசைத்து, நடுவில் பட்டாணி அளவு பனி மிஞ்சியிருக்கும்போதே வெளியே எடுக்க வேண்டும். செல்லுக்குள் டிஎம்எஸ்ஓ நிறைந்திருக்கும் நிலையில் ஒரேயடியாக நீர்த்த கரைசலை ஊற்றினால் தண்ணீர் உள்ளே பாய்ந்து செல் ஊதி வெடிக்கும். டெக்ஸ்ட்ரானும் ஆல்புமினும் கலந்த கரைசலை முதலில் சொட்டுச் சொட்டாகவும் பிறகு சிறிது சிறிதாகவும் சேர்ப்பது அதனால்தான். கழுவாமல் நேரடியாக ஏற்றும் மையங்களும் உண்டு. அப்போது நோயாளிக்குக் குமட்டலும் இரத்த அழுத்த மாற்றமும் வரலாம். மறுநாள் வரை அறை முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும்.

இத்தனை இழப்பு இருந்தும் உறையவைத்த செல்லால் பல்லாயிரம் பேருக்கு மஜ்ஜை மறுபடி முளைத்திருக்கிறது. என் பார்வையில் இதற்கான விடை அளவில் இருக்கிறது. தன் செல்லையே திரும்பப் பெறும் நோயாளிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் சிடி34 செல் என்பது குறைந்தபட்சம். பலருக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைத்துவிடுகிறது. பிடி தளர்ந்த செல்களின் குறையை அந்த மிகுதி ஈடுகட்டிவிடுகிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் அந்த மிகுதி இல்லை. இருப்பதே ஒரு சிறு பை. அங்கே உறைதலும் உருகுதலும் பறிக்கும் ஒவ்வொரு பங்கும் நோயாளி கிருமித்தொற்றுக்கு ஆளாகக்கூடிய நாட்களை நீட்டுகிறது. ஆகவே 'உறையவைத்தாலும் ஒன்றும் ஆகாது' என்ற அனுபவ வாக்கை, செல் தாராளமாக உள்ள இடத்திலிருந்து செல் அரிதாக உள்ள இடத்துக்கு அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது.

உறையவைத்தலுக்கு ஆதரவான வலுவான காரணம் ஒட்டும் திறனுக்கு வெளியே இருக்கிறது: அது நமக்கு நேரத்தை வாங்கித் தருகிறது. நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்ஃபோமாவுக்குரிய பீம் என்ற நான்கு மருந்துத் திட்டம் ஏறக்குறைய ஆறு நாள் நீளும். ஃப்ரிட்ஜின் கெடு அதற்குள் முடிந்துவிடும். வேறொருவரின் செல் விமானத்தில் வரவேண்டியிருந்தால் கவலை இன்னும் கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்ததும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி மூடப்பட்டதும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நோயாளிக்குக் கீமோ கொடுத்து அவருடைய மஜ்ஜையை அழித்த பிறகு, புதிய செல் இருக்கும் பெட்டி வேறு ஊரில் மாட்டிக்கொண்டால் அதற்கு மாற்றே கிடையாது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது அமெரிக்காவின் தேசிய மஜ்ஜைக் கொடையாளர் திட்டம், செல் உறைநிலையில் கைக்கு வந்து சேர்ந்த பிறகே கீமோவைத் தொடங்குமாறு வலியுறுத்தியது இந்த அச்சத்தால்தான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தாத்ரி போன்ற பதிவகங்களின் வழியாகக் கொடையாளரைத் தேடுபவர்கள் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இதை மனத்தில் வைத்துத் தேதி குறிக்கலாம்.

மூன்றாவது வழியான வளர்ப்பு இவற்றையெல்லாம்விடச் சிக்கலானது. ஸ்டெம் செல் காரணி, த்ரோம்போபொயட்டின், ஃப்ளிட்3 லிகண்ட் போன்ற, செல்களைத் தூண்டும் புரதங்களான சைட்டோகைன்களைச் சேர்த்தால் செல்கள் பெருகுகின்றன. எண்ணிக்கை கூடினால் எல்லாம் கூடும் என்று நினைக்கத் தோன்றும், நடப்பது அதுவல்ல. சைட்டோகைன் பட்ட சில நிமிடங்களிலேயே விஎல்ஏ-4, விஎல்ஏ-5 இரண்டும் விழித்துக்கொண்டு ஃபைப்ரோனெக்டினை இறுகப் பிடிக்கின்றன, ஆனால் அந்த உசுப்பல் சிறிது நேரமே நிலைக்கிறது. ஓரிரு நாள் வளர்ப்பில் சிஎக்ஸ்சிஆர்4 கூடுவதும் உண்டு: 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டெம் செல் காரணியும் இன்டர்லியூக்கின்-6-உம் சேர்த்து 48 மணி நேரம் வைத்த மனிதச் செல்கள் எலியின் மஜ்ஜையில் முன்பைவிட நன்றாகக் குடியேறின. அதற்கு மேல் வளர்ப்பு நீண்டு செல்கள் பிரியும் சுழற்சிக்குள் புகுந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. ஓய்வில் இருக்கும் செல் குடியேறுகிறது; டிஎன்ஏவை இரட்டிக்கும் கட்டத்திலும் அதற்கடுத்த கட்டங்களிலும் உள்ள செல் தடுமாறுகிறது. ஆக, வளர்ப்புத் தட்டைப் பற்றி 'எவ்வளவு பெருகியது' என்று கேட்பதற்கு முன் 'எத்தனை மணி நேரம்' என்று கேட்பதே முறை.

ஊடகமும் தட்டும்கூட முடிவை மாற்றும். கன்றின் சீரம் சேர்த்த ஊடகத்தில் ஃபைப்ரோனெக்டினும் விட்ரோனெக்டினும் ஏற்கெனவே கலந்திருப்பதால், நாம் ஒன்றும் பூசாத பிளாஸ்டிக்கிலும் அவை படிந்து செல்லுக்குப் பிடிமானம் கொடுத்துவிடும். ஆக்சிஜன் இன்னொன்று: மஜ்ஜைக்குள் அது சில சதவீதமே இருக்க, நாமோ செல்லை வெளியே எடுத்ததும் 21 சதவீதக் காற்றில் வைக்கிறோம். அந்த அதிர்ச்சி ஒன்றே கிடைக்கும் ஸ்டெம் செல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதாக 2015-இல் காட்டப்பட்டது. ஒட்டுதலுக்கு வளர்ப்பு எப்போதும் எதிரி என்று சொல்ல மாட்டேன். நிகோடினமைடு சேர்த்து வளர்த்த தொப்புள்கொடி இரத்தச் செல்களான ஒமிடுபிசெல், 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் சோதனையில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் மீள 12 நாள் ஆயிற்று, வழக்கமான தொப்புள்கொடி இரத்தத்துக்கு 22 நாள். நிகோடினமைடு செல்லை முதிரவிடாமல் தடுப்பதோடு மஜ்ஜையை நோக்கிச் செல்லும் திறனையும் காப்பதால் இது கைகூடியதாகக் கருதப்படுகிறது. ஆனால் இது தனித் தொழிற்கூடமும் பெரும் செலவும் கேட்கும் வேலை. புதிதாகத் தொடங்கும் ஒரு பிரிவு இதைக் கனவிலும் சேர்க்க வேண்டாம்.

நோயாளிக்கு ஏற்றுவதற்காக அல்லாமல், ஆராய்ச்சிக்காகச் செல்லைத் தேடும் மாணவர்களுக்கு என் தேர்வு வேறு. புதிய செல் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. கிடைக்கும் அன்று இரவு எட்டு மணிக்கு வரும். அதனால் ஒரே கொடையாளரின் செல்லைப் பல சிறு குப்பிகளில் உறையவைத்து, தேவைப்படும்போது உருக்கி, டிஎன்ஏஸ் சேர்த்துக் கழுவி, குறைந்த சைட்டோகைனில், சீரம் இல்லாத ஊடகத்தில் ஓர் இரவு ஓய்வு கொடுத்து, மறுநாள் காலை சோதிப்பதே நல்லது. அந்த இரவில் சாகவேண்டியவை செத்துவிடும், ஆக்டின் சட்டகம் திரும்பக் கட்டப்படும், முதல் பிரிதல் இன்னும் தொடங்கியிருக்காது. முப்பத்தாறு மணி நேரத்தைத் தாண்டிய செல்லை 'ஓய்வெடுத்த செல்' என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள், அது 'வளர்த்த செல்'. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் எந்த வேறுபாடு எதனால் வந்தது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

அந்த மருத்துவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். மைலோமா நோயாளிக்கு, மெல்ஃபலான் ஒன்றே மருந்து என்றால், செல்லை நீர்க்கச் செய்து நாலு டிகிரியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் ஏற்றிவிடுங்கள். பிடி மிகக் குறைவாகக் கெடும் வழி அது. அடுத்த மாதம் வரவிருக்கும் லிம்ஃபோமா நோயாளிக்கு உறையவைத்துத்தான் ஆக வேண்டும், எனவே டேங்க்கை வாங்குங்கள், நைட்ரஜன் லாரி வராமல் போனால் எத்தனை நாள் தாங்கும் என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பையோடும் அதே செல்லில் இரண்டு சிறு குப்பிகளைச் சேர்த்து உறையவையுங்கள். கீமோ தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு ஒன்றை உருக்கி, சாய எண்ணிக்கையை உடனேயும் 24 மணி நேரம் கழித்தும் எடுங்கள், செல் பெருகுகிறதா என்று பார்க்கக் காலனி வளர்ப்புக்குப் போடுங்கள், மிச்சத்தை ஃபைப்ரோனெக்டின் குழியில் ஒரு மணி நேரம் வைத்துக் கழுவி எண்ணுங்கள்.

"அந்த ரெண்டாவது குப்பி எதுக்கு மேடம்?" என்று கேட்டார். முதல் குப்பியின் எண் மோசமாக வந்தால், குறை செல்லிலா அன்றைக்கு உருக்கிய கையிலா என்று பார்ப்பதற்கு.